நிப்பா வைரஸ்: மலேசிய வௌவால்களில் மரபணு ஆய்வு

நிப்பா, பழந்தின்னி வௌவால்களில் குடியிருக்கும் வைரஸ். வௌவாலுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. பன்றிக்கோ மனிதருக்கோ தாவினால்தான் ஆபத்து. வெறிநாய்க்கடி வைரஸுக்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டின் மரபுப்பொருளும் ஒற்றை ஆர்.என்.ஏ. இழைதான். வெறிநாய்க்கடி வைரஸில் சுமார் 12,000 நியூக்ளியோடைடுகள். மலேசிய நிப்பாவில் 18,246.

1998 செப்டம்பரில் பேராக்கின் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முடிவுகட்டி, கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்நோய் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே படுக்கையில் விழுந்தவர்களோ பண்ணையில் உழைத்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. இந்த முரணே போதிய எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிற்கும், சிலாங்கூரில் சிப்பாங், சுங்கை பூலோவுக்கும் பரவியது.

1999 மார்ச்சில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரைச் செல் வளர்ப்பில் இட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய திரள்களாயின. கொசு பரப்பும் வைரஸின் வேலை அதுவல்ல. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் நடந்த சோதனை, 1994இல் பிரிஸ்பேனில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் உறவு இது என்று காட்டியது. நோய் ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தனர்; பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொன்றழிக்கப்பட்டன.

ஹெண்ட்ராவின் இருப்பிடம் வௌவால் என்பதால் தேடல் மரத்தடிக்குப் போனது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, விடிகாலையில் விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். கடித்துப்போட்ட பழங்களையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தார்கள். 2002இல் முடிவு வெளியானது: சிறுநீரில் இரண்டு, பழத்தில் ஒன்று என மூன்று நிப்பா வைரஸ்கள். விலங்கைத் தொடாமலே நடந்த இந்தச் சேகரிப்புதான் இவ்வரலாற்றின் மிகச் சமர்த்தான பகுதி. முன்பின் அறியாத தியோமான் வைரஸும் இதே வழியில்தான் அகப்பட்டது.

2004இல் பேராக் பன்றிகளின் வைரஸையும் சுங்கை நிப்பா வைரஸையும் ஒப்பிட்டபோது வரிசைகள் வேறுபட்டன. வைரஸ் ஒருமுறைக்கு மேல் தாவியிருக்கலாம் என்ற ஐயம் அப்போது எழுந்தது. பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து பிரித்த மலேசிய நிப்பாவின் விவரம் 2010இல் வெளிவந்தது.

நிப்பாவில் வங்கதேச வகை என இன்னொன்றும் உண்டு; அது 18,252 நியூக்ளியோடைடு நீளமுள்ளது. மலேசிய வகையிலிருந்து ஏறத்தாழ 8 சதவீதம் மாறுபடும். வங்கதேசத்தில் பன்றி இடையில் வராது: வௌவால் வாய்வைத்த பேரீச்சமரச் சாறு வழியாகவும், நோயாளியிடமிருந்து நேராகவும் தொற்றும். 2018இல் கோழிக்கோட்டில் தலைகாட்டிய நிப்பா இந்த வகையைச் சார்ந்ததே.