வைக்கோற்பிடியும் மூன்று நட்சத்திரமும்: லியோன் நகரத்துச் சிற்றுணவகங்கள்

பிரான்சின் லியோன் நகரத்தில் நல்ல சிற்றுணவகம் எது என்ற கேள்விக்கு விடை சொல்லாத பயண நூல் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை 'பூஷோன்' என்ற சொல்லை விளக்காமலே பட்டியலுக்குள் நுழைந்துவிடுகின்றன. சில நூல்கள், அச்சொல்லுக்குப் புட்டித்தக்கை என்றொரு பொருளும் உண்டாகையால், மதுப்புட்டியோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டு மேலே செல்கின்றன. என் துறை மொழியியல். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய பிரெஞ்சில் வைக்கோற்பிடியையும் தழைக்கட்டையும் குறித்த ஒரு சொல், குறுமை விகுதி பெற்றுப் பூஷோன் ஆயிற்று. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் மது விற்கும் வீடுகள் வாசலில் ஒரு தழைக்கட்டைத் தொங்கவிட்டன. கட்டின் பெயர் கடைக்கு ஆகிவந்தது. நம் இலக்கணிகள் இதை ஆகுபெயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். புல்லையும் கந்தையையும் திரட்டி வாயடைத்த வழக்கத்தால் தக்கைக்கும் அதே பெயர் ஏற்பட்டது. தக்கையிலிருந்து கடை பிறக்கவில்லை. இரண்டும் ஒரே வைக்கோற்பிடியின் பிள்ளைகள். அங்கே குதிரைகளை வைக்கோலால் தேய்த்துவிட்டார்கள், அதனால் இப்பெயர் என்ற கதையும் உண்டு. சுவையான கதைதான். 1814இல் பாரிசுக்குள் நுழைந்த ருஷ்யச் சிப்பாய்கள் 'சீக்கிரம்' என்று தம் மொழியில் கூவியதால் 'பிஸ்த்ரோ' என்ற சொல் பிறந்தது என்பதும் இதே வகை. அச்சொல் அச்சில் தலைகாட்டுவதோ 1880களில். எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று கதை சொல்வோர் கேட்பதில்லை.

வாசலில் வைக்கோற்பிடி தொங்கியது யாருக்காக என்பதே முதன்மையான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டு லியோன் பட்டு நெசவின் நகரம். குருவா-ரூஸ் குன்றின் வீடுகள் இன்றும் மிக உயர்ந்த கூரைகளோடு நிற்கின்றன. ழக்கார் தறியின் உயரத்துக்காகக் கட்டப்பட்டவை அவை. அங்கு உழைத்த பட்டு நெசவாளர்களுக்குக் 'கனூ' என்று பெயர். விடியுமுன் தறியில் அமர்ந்த இவர்கள், காலை நடுவே மதுவோடு உண்ட கனத்த உணவு 'மாஷோன்' எனப்பட்டது. குடல், இரைப்பை, கால், தலை என்று செல்வர் வீட்டுச் சமையலறை ஒதுக்கிய உறுப்புகளே அதில் மிகுதி. விலை மலிவு என்பதைத் தவிர வேறு தத்துவம் இல்லை.

இன்றைய பூஷோன்களின் உணவுப் பட்டியலில் 'கனூவின் மூளை' என்ற ஒன்றைக் காணலாம். உண்மையில் அது மூளையன்று. மென்பாலாடைக்கட்டியில் பூண்டும் வெங்காயமும் பசுந்தழையும் சேர்த்து அடித்தது. மூளை வாங்க வக்கில்லாதவனுடைய மூளை என்றும், நெசவாளனின் மூளையே இப்படித்தான் என்றும் இருவிதமாக அப்பெயரை வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பில் ஏளனம் வெளிப்படை. அந்த நெசவாளர்கள் 1831 நவம்பரில், துணிக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று எழுந்து சில நாட்கள் நகரத்தையே தம் கையில் வைத்திருந்தனர். 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது படை இறங்கியது; சில நூறு பேர் மாண்டனர். இதன் அருகிலேயே வைக்கத் தக்கது 'சப்பரின் முன்றானை' என்ற உணவு: மாட்டிரைப்பையை ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. சப்பர் என்போர் படையின் பொறியியற் சிப்பாய்கள். அவர்களது தோல் முன்றானையை ஒத்திருப்பதால் இப்பெயர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லியோனின் படைத்தலைவராயிருந்த மார்ஷல் காஸ்தெலான் இதை விரும்பி உண்டதாகச் சொல்வர். கலகம் செய்த தொழிலாளரின் பெயரும் அவர்களைக் காவல் காத்த படையின் பெயரும் இன்று ஒரே அட்டையில், அடுத்தடுத்த வரிகளில், விலையோடு அச்சிடப்பட்டிருக்கின்றன.

நெசவாளரின் கடைகள் ஒருபுறமிருக்க, இந்நகரத்துச் சமையலுக்கு இன்னொரு மூலம் 'மேர்'கள், அதாவது அம்மாக்கள். செல்வர் வீடுகளில் சமைத்திருந்த பெண்கள், வேலையிலிருந்து விலகியோ விலக்கப்பட்டோ, சொந்தமாகச் சிற்றுணவகம் திறந்தனர். ஃபில்யூ அம்மா என்று அறியப்பட்ட ஃபிரான்சுவாஸ் ஃபயோல் இவர்களுள் புகழ்பெற்றவர், 1925இல் மறைந்தார். அவரிடம் உணவுப் பட்டியல் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. நாள்தோறும் ஏறத்தாழ அதே சில உணவுகள்; முடிவில் 'பாதித் துக்கக் கோழி'. வெண்தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே கருங்காளான் சீவல்களைச் செருகி வேகவைப்பதால், வெள்ளையும் கருப்புமாகப் பாதித் துக்க உடை உடுத்ததுபோல் தோன்றும். கோழியை மேசையருகில் வந்து தாமே அறுத்துப் பரிமாறுவது அவர் வழக்கம்.

அவரிடம் பணிபுரிந்தவர்களுள் ஒருவர் எழேனி பிராஸியே. 1895இல் பிறந்த கிராமத்துப் பெண். மணமாகாமல் தாயானதால் தந்தையால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, பிழைப்புத் தேடி லியோன் வந்தவர். 1921இல் ருவாயல் தெருவில் சிறிய உணவகம் ஒன்றைத் திறந்தார். பின்னர் நகருக்கு வெளியே லுவேர் கணவாயில் மற்றொன்று. 1933இல் மிஷெலின் வழிகாட்டி இவ்விரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் வழங்கியது. ஒருவரிடமே ஆறு நட்சத்திரங்கள் சேர்ந்தது அதுவே முதன்முறை. 1998இல் அலேன் துய்காஸ் அதே எண்ணிக்கையை எட்டியபோது, உலகில் முதல்வர் அவரே என்று செய்திகள் வெளிவந்தன. ஓர் அம்மா 65 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார் என்பதைப் பிறகு சிலர் நினைவூட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் இளமையில் தொழில் கற்றது லுவேர் கணவாயில்தான். அங்கே சமையலோடு பசு கறப்பதும் துணி தேய்ப்பதும் அவர் வேலையாயிருந்தன.

இங்கே அளவுகோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிஷெலின் நிறுவனத்தார் செய்வது டயர். 1900இல் அவர்கள் இலவசமாக வெளியிட்ட வழிகாட்டியின் நோக்கம், மக்களை வண்டியில் ஏற்றிச் சாலைக்கு அனுப்புவது. 1920இல் அதற்கு விலை வைத்தனர். 1926இல் நட்சத்திரம் தோன்றியது. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை முதலில் பாரிசுக்கு வெளியேதான் நடைமுறைக்கு வந்தது. அப்படிநிலையின் சொற்களைக் கவனியுங்கள்: இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்கென்றே பயணம் புறப்படலாம். சுவையை மைலால் அளக்கும் முறை இது. தறியிலிருந்து இறங்கி நான்கு கதவு தள்ளி உண்ணப்போகும் நெசவாளனுக்கு வழிமாற்றமும் இல்லை, பயணமும் இல்லை. அவன் உண்ட கடை எவ்வளவு நன்றாயிருந்தாலும் இக்கோலால் அளக்க முடியாது. பாரிசல்லாத அனைத்தையும் 'ப்ரொவேன்ஸ்' என்று ஒரே சொல்லால் சுட்டும் பிரெஞ்சு வழக்கும் இதற்கு உடந்தை. அதன் லத்தீன் மூலம் ரோமர் வென்று ஆண்ட நிலப்பகுதியைக் குறித்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

சமகாலத்து எழுத்தாளர் குர்நோன்ஸ்கியும் பயணியே. 'ஏன் கூடாது' என்ற லத்தீன் தொடரோடு ருஷ்ய விகுதியை ஒட்டித் தமக்குத் தாமே இப்புனைபெயரைச் சூட்டிக்கொண்டவர். மார்செல் ரூஃபுடன் சேர்ந்து வட்டாரம் வட்டாரமாகப் பிரெஞ்சு உணவை 28 தொகுதிகளில் எழுதினார். ஃபில்யூ அம்மா போன்றோரின் எளிய சமையலை அரண்மனைச் சமையலுக்கு நிகராக வைத்துப் பேசிய துணிவு அவருடையது. ஆயினும் வெளியூரிலிருந்து வந்து உண்டு தீர்ப்பளிப்பவரின் குரலே அது.

உள்ளூரார் தமக்கென்று கோல் செய்துகொள்ள வெகு காலம் பிடித்தது. 1997இல் ஒரு சங்கம் 'உண்மையான பூஷோன்' என்ற சின்னத்தை வழங்கத் தொடங்கியது. அதில் இருப்பவன் ஞாஃப்ரோன், லியோன் பொம்மலாட்டத்தின் செருப்புத் தைப்பவன், கையில் மதுக்கிண்ணம். 2012இல் வணிகச் சபை மற்றொரு முத்திரையைக் கொண்டுவந்தது. இரண்டிலும் சேராத நல்ல கடைகளும் உண்டு. அதே 1997இல்தான் மிஷெலினும், மிதமான விலையில் நல்ல உணவு தரும் இடங்களுக்கென 'பிப் குர்மான்' என்ற தனிக் குறியை அறிமுகப்படுத்தியது. டானியல் எ டெனீஸ் போன்ற பூஷோன்கள் அதில் இடம்பெற்றன.

இவற்றைவிட எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ஏட்டுச்சுவடி ஒப்பிடும் முறை. பூஷோன்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே பத்துப் பன்னிரண்டு உணவுகள்தாம். ஒரே பாட்டின் பல படிகளைப்போல் அவை இருக்கின்றன. பாடபேதம் கைப்பக்குவத்தில் இருக்கிறது. கனூவின் மூளையில் பூண்டு முந்துகிறதா, தழை முந்துகிறதா; இரைப்பையின் மேற்புறம் மொறுமொறுக்க உள்ளே குழைந்திருக்கிறதா; 46 சென்டிலிட்டர் பிடிக்கும் அடிகனத்த 'போ' புட்டியில் மது வருகிறதா; காலை மாஷோன் இன்னும் நடக்கிறதா. இவற்றை அறிய ஒரே கடைக்குப் பலமுறை போகவேண்டும், அடுத்த கடைக்கும் பலமுறை போகவேண்டும். இதற்கு ஊரில் குடியிருந்தாக வேண்டும். கார் போதாது.

1942 கோடையில் எதிர்ப்பியக்கத் தலைவர் ழான் மூலேன், பின்னாளில் தம் செயலாளராகப் பணியாற்றிய டானியல் கோர்தியே என்ற இளைஞரோடு அமர்ந்து உண்டு பேசியது லெ கரே என்ற பூஷோனில். அக்கடை இன்றும் அதே பெயருடைய குறுந்தெருவில் கன்றின் தலைக்கறியும் குடற்கறியும் பரிமாறி வருகிறது.