குடத்துக்குள் யார் பெயர்?



'ஊராட்சி சிறந்தது அன்றா? இன்றா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தூக்கிவந்து இந்த மேடையில் வைத்துவிட்டார். கனமான கல்லுங்க! (சிரிப்பு)

நான் அதை மறுக்கவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைக்கு நாம் வார்டு என்கிறோமே, அதுதான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவன் பெயர் மட்டுமா? மாமனார், மச்சான், மருமகன் யார் பெயரும் போகாது! (கைதட்டல்)

சரி, யார் பெயர் போனது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த நிலத்தை உழுதவன் பெயர்? இல்லை. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். குடம் காலங்காலமாக யார் இடுப்பில் இருக்கிறது? உங்கள் இடுப்பில். குடத்துக்குள் உங்கள் பெயர் இருந்ததா? (பலத்த கைதட்டல்)

உங்கள் பெயர் உள்ளே போக ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1992-இல் நாடாளுமன்றம் 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். அந்தச் சட்டப்படி 1996-இல் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது. 2016-இல் பெண்கள் பங்கு பாதி என்று சட்டமாயிற்று.

சும்மா கிடைத்ததா அந்த நாற்காலி? மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஒரு தலித், முருகேசன், தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடனிருந்த 5 பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலித் ஒருவர் தலைவராக உட்கார்ந்து நிலைப்பதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏரி வாரியத்தைப் புகழும்போது இந்த ரத்தத்தையும் நினைக்க வேண்டாமா?

இன்றைய ஆட்சியில் குறையே இல்லையா என்பார்கள். உண்டு. 2016-இல் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்குத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆயிற்று. நம் சேந்தமங்கலம் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி! ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டு உறுப்பினரே கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 'உனக்குத்தானய்யா ஓட்டுப் போட்டேன்' என்று யார் சட்டையைப் பிடிப்பது? (சிரிப்பு)

ஆகவே நடுவர் அவர்களே, அந்தக் காலத்திடம் நான் ஒன்றே ஒன்றைக் கடன் வாங்குகிறேன்: கணக்குக் கேட்கும் பழக்கம். சோழர் காலத்தில் கேட்கும் உரிமை சிலருக்குத்தான். இன்றைக்குக் கடைசி வீட்டுக் கிழவிக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஆகவே ஊராட்சி சிறந்தது இன்றே. அந்தக் கிழவி வாயைத் திறந்து கேட்டால், நாளைக்கு இதைவிடச் சிறக்கும்.