மயக்க மருந்தால் விளையும் கடும் மிகைவெப்பம்

கடும் மிகைவெப்பம் (மருத்துவ வழக்கில் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா) என்பது, மரபணுக் குறைபாடுள்ள ஒருவருக்கு ஹாலோத்தேன், செவோஃபுளுரேன் போன்ற மூச்சுவழி மயக்க மருந்துகளோ, தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலினோ தரப்படும்போது, எலும்புத்தசைகளின் வளர்சிதைமாற்றம் கட்டுமீறி உயிருக்கே ஊறு விளைவிக்கும் அரிய நிலையாகும். அன்றாட வாழ்வில் இக்குறைபாடு பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. முன்பு இதே மருந்துகளை ஏற்று நலமாக எழுந்தவருக்கும் மறுமுறை இது நேரக்கூடும்.

1960-இல் மெல்போர்ன் மருத்துவர்களான டென்பரோவும் லவலும் இதை முதன்முதலில் தெளிவாக விவரித்தனர். கால் முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர், ஈதர் மயக்கத்தை ஒட்டி உறவினர் பத்துப் பேர் இறந்திருந்ததால், முறிவைவிட மயக்க மருந்துக்கே அஞ்சினார். அவருக்கு ஹாலோத்தேன் தரப்பட்டபோது அந்த அச்சம் மெய்யாயிற்று. எனினும் மருந்து உடனே நிறுத்தப்பட்டு, உடல் குளிர்விக்கப்பட்டதால் அவர் பிழைத்தார்.

தசையிழைக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் நுண்வலையின் வாயிலாகச் செயல்படுவது ரையனோடின் ஏற்பி என்னும் புரதம். 19-ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பிறழ்ந்திருப்பின், மருந்து பட்டதும் அவ்வாயில் மூடாமல் கால்சியம் பெருகி வழிய, தசைகள் இடைவிடாது இறுகி, ஆக்சிஜனை விரைந்து செலவிட்டு, கார்பன் டை ஆக்சைடையும் லாக்டிக் அமிலத்தையும் வெப்பத்தையும் மிகுதியாக உண்டாக்குகின்றன. சிதையும் தசைகளிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. மயோகுளோபின் என்னும் தசைப்புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

பெயரில் வெப்பம் இருப்பினும், பல வேளைகளில் அது பிந்தியே உயர்கிறது. வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு காரணமின்றி ஏறுவது, நாடித்துடிப்பு விரைவது, தாடை இறுகுவது ஆகியவையே முந்திய எச்சரிக்கைகள்.

தூண்டிய மருந்தை நிறுத்தி, தூய ஆக்சிஜன் தந்து, கால்சியக் கசிவைத் தடுக்கும் டான்ட்ரோலினை உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் சிரையில் ஏற்றி, தேவைக்கேற்ப மீண்டும் தருவதே சிகிச்சை. வழக்கமான குப்பியில் இருப்பது 20 மில்லிகிராம் தூள் மட்டுமே. ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டியிருப்பதால், 70 கிலோ எடையுள்ளவரின் முதல் அளவுக்கே ஒன்பது குப்பிகளும் பல கைகளும் தேவைப்படுகின்றன. இம்மருந்து வருமுன் நோயுற்றோரில் பெரும்பாலோர் இறந்தனர். இன்று விரைந்து சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

குறைபாடுடைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஆகவே, குடும்பத்தில் எவரேனும் மயக்க மருந்தின்போது இறந்தனரா, கடும் காய்ச்சலுற்றனரா என்று அறுவைக்கு முன் கேட்டறிவது இன்றியமையாதது. அத்தகையோருக்குப் புரோப்போஃபால் போன்ற தூண்டாத மருந்துகளைக் கொண்டு பாதுகாப்பாக அறுவை செய்ய முடியும்.