பார்ப்பவர்கள் வைத்த பெயர்

பெல்லி டான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டுதான். வில்லனின் கூடாரம், மணிகள் தொங்கும் இடுப்புக் கச்சை, சுற்றிலும் கையில் கோப்பையோடு ஆண்கள். எனக்கும் அப்படித்தான் அறிமுகம். எகிப்தில் இந்த நடனத்துக்கு அந்தப் பெயரே கிடையாது என்று பிற்பாடு படித்தபோதுதான் இதன் வரலாற்றில் ஆர்வம் வந்தது.

அங்கே மேடையில் ஆடுவது 'ரக்ஸ் ஷர்கி', கிழக்கின் நடனம். வீட்டிலும் கல்யாணத்திலும் ஆடுவது 'ரக்ஸ் பலதி'. பலதி என்றால் நம்ம ஊருடையது. 'வயிறு' பிரெஞ்சுக்காரர்கள் ஒட்டியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ வீதி' என்று செட் போட்டு இந்த நடனத்தை ஆடவைத்தார்கள். கேளிக்கைப் பகுதியைக் கவனித்த சோல் ப்ளூம், பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலமாக்கி விளம்பரம் செய்தார். கூட்டம் அள்ளியது. பெயரும் நிலைத்துவிட்டது.

இதன் தொடக்கம் பற்றி ஏகப்பட்ட கதைகள் உண்டு. தாய்த் தெய்வக் கோவிலில் பிறந்தது என்பார்கள், பிரசவ வலியைத் தாங்கப் பிறந்தது என்பார்கள். எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கிருந்து இன்றுவரை அறுபடாத ஒரே நூல் ஓடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆவணங்களில் தெளிவாகத் தெரிவது 18, 19ஆம் நூற்றாண்டு எகிப்துதான். எனக்கு அதுவே போதுமான அளவு சுவாரசியம்.

அப்போது இரண்டு வகைக் கலைஞர்கள் இருந்தார்கள். 'அவாலிம்' என்றால் கற்றவர்கள். வசதியான வீடுகளில், பெண்கள் பகுதியில், பெண்களுக்காகப் பாடினார்கள். 'கவாஸி'கள் தெருவிலும் விழாக்களிலும் ஆடினார்கள். 1834இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, பொதுவில் ஆடுகிற பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் பக்கம் துரத்தினார். தடையால் நடனம் ஒழிந்ததா? இல்லை. ஐரோப்பியர்கள் நைலில் படகேறி அங்கேயே போனார்கள். 1850இல் எழுத்தாளர் ஃப்ளோபேர் எஸ்னாவில் குச்சுக் ஹானெம் என்ற நடனக்காரியைப் பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்காக அவரே பேசினார் என்று பின்னாளில் எட்வர்ட் சயீத் சுட்டிக்காட்டினார்.

1926இல் பதியா மசாப்னி என்ற பெண் கெய்ரோவில் சொந்தமாக ஒரு கேளிக்கை அரங்கு திறந்தார். தஹியா கரியோகா, சாமியா கமால் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள்தான். நடனம் மேடைக்கும் சினிமாவுக்கும் ஏறியது. ஆனாலும் ஒரு முரண் தீரவேயில்லை. எகிப்தியக் கல்யாணங்களில் பாட்டி முதல் பேத்தி வரை தங்களுக்குள் ஆடுவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதையே ஒருத்தி காசுக்கு ஆடினால் அவளை மருமகளாக எடுக்கத் தயங்குவார்கள். சதிர் ஆடியவர்களின் கதை தெரிந்த நமக்கு இது புதுசா என்ன?

சரி, உடம்புக்கு நல்லதா? நல்லதுதான். மற்ற உறுப்புகளை அசையாமல் நிறுத்திவிட்டு இடுப்பை மட்டுமோ மார்பை மட்டுமோ அசைக்க வேண்டும். அதற்கு வயிற்றின் ஆழத்துத் தசையும் கீழ்முதுகும் ஓயாமல் வேலை செய்கின்றன. குதிப்பு கிடையாது, முழங்காலைச் சற்று மடக்கியே ஆடுவதால் மூட்டில் அடி குறைவு. முதுகில் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். கருப்பைக் கோளாறெல்லாம் பறந்துவிடும் என்கிற விளம்பரங்களை விட்டுத் தள்ளுங்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. 2014இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, இந்த நடனம் ஆடும் பெண்களைக் கல்லூரி மாணவிகளோடு ஒப்பிட்டது. ஆடுகிறவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் நல்லெண்ணம் அதிகம். அடுத்தவர் கண்ணால் தன்னையே எடைபோடும் பழக்கம் குறைவு. நடனம்தான் காரணம் என்று ஓர் ஒப்பீடு நிரூபித்துவிடாது. ஆனால் அந்தப் பெண்கள் பகுதியை நினைத்துப் பாருங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள் மட்டும். தளர்ந்த வயிறோ பெருத்த இடுப்போ அங்கே குறையில்லை, அசைகிற சதைதான் ஆட்டமே. இந்த நடனம் பெண்களுக்கு என்ன நன்மை செய்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன், தொப்பை குறைவதை அல்ல.