பழக்குதலின் அதிகாரம்

‘அடியாத மாடு படியாது’ என்கிற பழமொழியை நம் பக்கத்தில் மாட்டுக்கு மட்டும் சொல்வதில்லை. நாமகிரிப்பேட்டைக் காரனுக்குக் கோழிப்பண்ணை புதிதல்ல. முட்டை குறையாமலிருக்க இருட்டிய பிறகும் விளக்கெரித்து, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுகிறார்கள். கோழிக்கு அதெல்லாம் பகல்தான். இதே மாவட்டத்து விடுதிப் பள்ளிகளுக்குப் ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வந்ததும் சும்மா இல்லை. கோட்பாடு படிக்காமலே ஜனங்கள் கண்டுகொண்ட உண்மை அது: பழக்குகிறவனுடைய தேவைதான் பழகுகிறவனுடைய ‘இயல்பு’ ஆகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் தன் புறாக்களைப் பசிக்க வைத்து, உடல் எடையை 80 சதத்துக்கு இறக்கி, சொன்ன இடத்தைக் கொத்தினால் தானியம் கொடுத்தார். அந்தக் கூண்டிலிருந்து மனிதர்களிடம் வந்ததுதான் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. 1968இல் அதற்கென ஆய்விதழ் தொடங்கியபோது பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் ‘பயன்பாடு’ என்பதற்கு இலக்கணம் சொன்னார்கள். எந்த நடத்தையைச் சமூகம் முக்கியமாகக் கருதுகிறதோ அதை ஆய்வதே பயன்பாடு. எந்தச் சமூகம், அதில் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எல்லா வன்முறைக்கும் கதவு திறந்தது அந்த இடத்தில்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஐவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளிடம் வேலை செய்தார். 1965இல் வெளிவந்த அவரது ஆய்வொன்றில் ஐந்து வயது இரட்டையர் மின்சாரம் பாய்ச்சிய தரையில் நிறுத்தப்பட்டார்கள். ஆளை நோக்கி நகர்ந்தால் அதிர்ச்சி நிற்கும். அன்பைக் கற்பிக்கிற வழியாம் இது! 1974இல் ரெக்கர்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் ‘பெண்தன்மை’ உள்ள ஐந்து வயதுகூட நிறையாத ஒரு பையன் வருகிறான். ‘ஆம்பள மாதிரி’ விளையாடினால் நீல வில்லை, பரிசு. மற்றபடி சிவப்பு வில்லை. அதற்கு அப்பாவின் கையால் அடி. குணமாகிவிட்டான் என்று பதிவு செய்தார்கள். அவன் 2003இல், 38 வயதில், தற்கொலை செய்துகொண்டான்.

சீர்திருத்தம் நடக்கவில்லையா? நடந்தது. 1972இல் மயாமியின் சன்லாண்ட் விடுதியில் ‘நடத்தை மாற்றம்’ என்ற பெயரில் மனவளர்ச்சி குன்றியோர் சித்திரவதை செய்யப்பட்டது அம்பலமானது. விசாரணைக்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 1978இல் வுல்ஃப், இலக்கும் வழிமுறையும் விளைவும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையதா என்று கேட்கவேண்டும் என எழுதினார். ஆனால் பெரும்பாலும் கேட்கப்பட்டவர்கள் பெற்றோரும் ஆசிரியரும்தான். 1987இல் லோவாஸ், 19 குழந்தைகளில் 9 பேர் ‘இயல்பாகிவிட்டார்கள்’ என்று அறிவித்தபோதும் வெற்றியின் அளவுகோல் மற்ற பிள்ளைகளைப்போலத் தெரிவதே.

இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒருசேர நிறுத்திக் கேள்வி கேட்டவர் மிஷேல் டாசன். கனடாக்காரர், தானே ஆட்டிசம் உடையவர். 2004இல் அவர் கேட்டது இதுதான்: அந்தப் பையனுக்குச் செய்தது தவறென்றால், எங்களுக்குச் செய்தது மட்டும் எப்படிச் சிகிச்சையாகும்? 1974 கட்டுரைமீது அதே ஆய்விதழ் கவலைக் குறிப்பு வெளியிட்டது 2020இல்தான்.

இங்கே வருவோம். மதுரையிலிருந்து சென்னை வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தன் முன்முடிவுகளைக் களைந்துகொள்ளத் தானே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது. பெரிய வெற்றி. ஆனால் பாதி வெற்றி. வில்லை கொடுத்து ஆம்பளையாக்குவது குற்றம். வில்லை கொடுத்துக் கண்ணைப் பார்க்க வைப்பது, கையை ஆட்டாமலிருக்க வைப்பது சிகிச்சை! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது, கொடுமையான நடத்துமுறையிலிருந்து பாதுகாக்கச் சொல்கிறது. எது கொடுமை என்பதைச் சொல்லத்தான் அந்தக் குழந்தையிடம் நமக்குப் புரிகிற மொழி இல்லை. அமெரிக்கச் சான்றளிப்பு வாரியமோ 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குப் புதிதாகச் சான்று தருவதில்லை. முறை இங்கே தங்கிவிட்டது. அதன் நெறிக்கோவை கடல் தாண்டிப் போய்விட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரம் வழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிற தாயிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையைத் தடுக்க அவளுக்கு ஒரு வழி வேண்டும். ‘எனக்கப்பறம் இவனை யாரு பாப்பா?’ என்கிற பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை உண்டாக்கியது குழந்தை அல்ல, நாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைத் தடுப்பதும், நமக்குக் கூச்சமாக இருப்பதைத் தடுப்பதும் ஒன்றல்ல. அறம் தொடங்குவது இந்தப் பிரிப்பில்தான். மாறவேண்டியது யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். கேட்காதவரை நாம் விளக்கெரிக்கிறவர்கள்தான்.