மிளகாயில் நஞ்சு எப்படி வந்தது? நிலக்கரிக்குள் ஒளிந்திருக்கும் உலோகங்கள்

சீனாவின் தென்மேற்கில் இருக்கிறது குவெய்ஜோ மாநிலம். அங்கு இலையுதிர்காலத்தில் குளிரும் ஈரமும் அதிகம். அறுவடை செய்த மிளகாயை வெயிலில் காயவைக்க முடியாது.

அதனால் கிராமத்து வீடுகளில் அதை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். ஒருகாலத்தில் விறகு எரிந்த அடுப்பு. விறகு கிடைப்பது அரிதானதும் அக்கம்பக்கத்தில் தோண்டிய நிலக்கரிக்கு மாறினார்கள். பல அடுப்புகளுக்குப் புகைபோக்கியே கிடையாது.

விளைவு? குறைந்தது 3,000 பேருக்குக் கடுமையான ஆர்சனிக் நச்சுப் பாதிப்பு. தோல் கருத்துப்போனது, உள்ளங்கை தடித்துப்போனது, சிலருக்குத் தோல் புற்றுநோயும் வந்தது.

பறித்த மிளகாயில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஆர்சனிக்கூட இல்லை. அடுப்பில் காய்ந்த மிளகாயில் 500 மில்லிகிராமுக்கும் மேல்!

அதெல்லாம் கரிக்குள் எப்படிப் போச்சு?

நிலக்கரி என்பது சதுப்புநிலத்தில் புதைந்த பழங்காலச் செடிகொடிகள்தான். செடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சியது, ஆறு கொண்டுவந்த வண்டல், எரிமலைச் சாம்பல் எல்லாமே அதோடு சேர்ந்து புதையும்.

உலக நிலக்கரியில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கும். குவெய்ஜோவின் மிக மோசமான மாதிரியில் இருந்தது 35 கிராம்! (வேதியியல் பாடத்தில் ஆர்சனிக்கை உலோகப்போலி என்று படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கில் அதையும் உலோகங்களோடு சேர்த்துவிடுவார்கள்.)

காரணம், கரி உருவான பிறகு நிலத்தடியில் ஓடிய வெந்நீர். அந்த வட்டாரத்துப் பாறைகளில் தங்கத்தைச் சேர்த்ததும் அதே மாதிரியான வெந்நீர்தான். தங்கத்தோடு ஆர்சனிக்கும் வந்து கரியில் தங்கிவிட்டது.

எவ்வளவு இருக்கு என்பதைவிட, எதோடு ஒட்டியிருக்கு என்பதுதான் இங்கே முக்கியம். பொதுவாக ஆர்சனிக், பைரைட் என்னும் இரும்புக் கனிமத்துக்குள் இருக்கும். கரியை நீரில் அலசினால் கனமான பைரைட்டில் ஒரு பகுதியைப் பிரித்துவிடலாம். ஆனால் குவெய்ஜோவின் மோசமான மாதிரிகள் சிலவற்றில் அது கரிமப் பொருளோடே பிணைந்திருந்தது. அலசினாலும் போகாது.

நம் வட்டாரத்துக் கரி எப்படி?

மலேசிய மின்நிலையங்களில் எரியும் நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. களிமந்தான் கரி பலவற்றில் சாம்பலும் கந்தகமும் குறைவு. அது மேடாக வளர்ந்த சதுப்புநிலத்தில் உருவானது. ஆற்று வெள்ளம் அந்த மேட்டில் ஏறாது. கிடைத்தது மழைநீர் மட்டும். வண்டல் வராததால் அதோடு வரும் உலோகங்களும் குறைவு. சரவாக்கின் சதுப்புக் காடுகளில் இதே வேலை இன்றும் நடக்கிறது.

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கரி எரிந்ததும் பெரும்பாலான உலோகங்கள் சாம்பலில் தங்கும். 10 டன் கரி 1 டன் சாம்பலானால், அவற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 மடங்கு ஆகும். சாம்பலை எங்கே கொட்டுகிறோம் என்பது அதனால்தான் பெரிய கேள்வி.

எல்லாமே கெட்டதும் இல்லை. இரவில் பார்க்கும் கேமராக்களுக்கும் கண்ணாடி இழைகளுக்கும் தேவையான ஜெர்மானியத்தை யுன்னான் மாநிலத்தின் லின்சாங்கில் நிலக்கரிச் சாம்பலிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பாதரசம் மட்டும் சாம்பலுக்கு எளிதில் அடங்காது. ஆவியாகிப் புகைபோக்கி வழியே பறந்துவிடும். பின்னர் நீரில் விழுந்து, நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். மின்நிலையப் புகையில் வரும் பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதும் 2017இல் நடப்புக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தத்தில் அடங்கும். சிங்கப்பூர் அந்த ஆண்டே அதில் இணைந்தது.