எட்டா, பன்னிரண்டா? வேலை நேரத்தின் வரலாறும் வானம் பார்த்த பூமியின் கேள்வியும்

 

2023 ஏப்ரல் 21. அது ரமலானின் இறுதி வெள்ளிக்கிழமை. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நாம் ஜும்ஆவை முடித்துப் பெருநாள் பிறையை எதிர்நோக்கியிருந்தோம். அதே நாளில் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அப்பிரிவு அரசுக்கு வழங்கியது. ஒரு நாளின் வேலை 12 மணி நேரம் வரை நீளலாம் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

அன்றைய தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது நம் திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பு மாறாது, நான்கு நாட்களில் அதை முடித்தவர் மற்ற நாட்களில் ஓய்வெடுக்கலாம், விரும்புவோருக்கே இது பொருந்தும் என அரசுத் தரப்பில் விளக்கப்பட்டது. ஆயினும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களுடன் பேசியபின் ஏப்ரல் 24 அன்று சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாட்களில் ஒரு சட்டம் பிறந்து மறைந்தது. அது எழுப்பிய கேள்வி மட்டும் மறையவில்லை.

அங்குலம் அங்குலமாகக் குறைந்த நேரம்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைகள் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயதுக் குழந்தையை ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அது அனுமதித்தது. வயது வந்த ஆண்களுக்கோ வரம்பே இல்லை. வாராந்திர விடுமுறைக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1890இல் ஆலை முதலாளிகள் அக்கோரிக்கையை ஏற்றனர். 1891ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது.

1911இல்தான் நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்னும் உச்சவரம்பு வந்தது. 1922இல் அது நாளுக்கு 11 மணி, வாரத்திற்கு 60 மணி என்றானது. 1934இல் நாளுக்கு 10, வாரத்திற்கு 54. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில் இதற்கான அடுத்த முயற்சி நடந்தது. 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நாளுக்கு 9, வாரத்திற்கு 48 என்று வரம்பு குறைந்தது. விடுதலை இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதையே நிலைநிறுத்தியது.

இதில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோரின் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அன்று முன்வைத்த குறைகளில் ஒன்று, மதிய உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்பது. சோறு உண்ணும் சில நிமிடங்களுக்காகத் தொடங்கிய குரல் அது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடினார். 12 மணி நேர வரம்பை 8 மணி நேரமாக்க எத்தனை தலைமுறைகள் உழைத்தன என்பதை நினைவிற்கொண்டால், 2023இல் எழுந்த அச்சத்தின் காரணம் விளங்கும்.

சுருக்கமும் குறைப்பும்

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2,500 பேரிடம் வாரத்தின் 40 மணி நேர வேலை 35 அல்லது 36 மணியாகக் குறைக்கப்பட்டது. ஊதியம் குறையவில்லை. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் நான்கு நாள் வாரத்தைச் சோதித்தன. அங்கும் முழு ஊதியத்துடன் வேலை நேரமே குறைந்தது. அந்நிறுவனங்களில் 56, சோதனை முடிந்த பிறகும் அம்முறையைத் தொடர்ந்தன.

நம்மிடம் முன்மொழியப்பட்டது அதுவன்று. நான்கு நாள், நாளுக்கு 12 மணி என்றால் மொத்தம் அதே 48 மணிதான். சுமை குறையவில்லை, கட்டு மட்டுமே மாறியது.

ஆயினும் அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் நம் இளைஞருக்கு மூன்று நாள் விடுப்பு என்பது, தாயின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு. பயணச் செலவும் குறையும். ஆனால் திருச்சுழி வட்டாரத்துக் கிராமத்திலிருந்து ஆலை வண்டியில் நாள்தோறும் போய்வரும் பெண்ணின் கணக்கு வேறு. போகவும் வரவும் ஒவ்வொரு மணி நேரம் என்றாலும் அவருக்கு அது 14 மணி நேரம். மீதமிருக்கும் பத்து மணி நேரத்தில் சமையலும் தண்ணீர்ச் சுமையும் குழந்தையும் தொழுகையும் உறக்கமும் அடங்க வேண்டும். மூன்று நாள் ஓய்வு ஏட்டில் நின்று, 12 மணி நேரம் மட்டும் ஆறு நாளும் தொடர்ந்தாலோ அது 72 மணி நேரம். மூன்று ஷிப்டுகள் இரண்டாகிவிட்டால் மூன்றாவது ஷிப்டின் பிழைப்பும் போகும்.

விருப்பம் என்னும் சொல்

'விரும்பினால்' என்ற சொல்லே இங்கு மையமானது. நம் பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத ஆண்டில் பருத்தியும் மிளகாயும் ஏமாற்றும். கருவேல விறகும் கரிமூட்டமும் எத்தனை வீட்டுக்குச் சோறு போடும்? அப்போது ஆலை வாசலில் நிற்பவரிடம், "உமக்கு விருப்பமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

சூரா அல்கஸஸில் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். மத்யன் நகருக்கு அவர்கள் வந்தபோது வீடும் இல்லை, பொருளும் இல்லை. அவர்களுக்கு வேலை கொடுத்த பெரியவர், எட்டு ஆண்டுகள் என்று தவணை வைத்தார். பத்தாக நிறைவு செய்தால் அது உமது விருப்பம் என்றார். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றும் சேர்த்துக் கூறினார். மூஸா (அலை) அவர்கள் நீண்ட தவணையையே நிறைவு செய்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) கூறியுள்ளார்கள். அங்கே பேசப்பட்டவை ஆண்டுகள், மணி நேரங்கள் அல்ல. ஆனால் அதன் நெறி தெளிவு. கட்டாயத்தின் அளவு குறைவாகவும் திட்டமாகவும் இருந்தது, கூடுதல் மட்டுமே விருப்பத்திற்கு விடப்பட்டது. வலிமையுள்ளவரே முதலில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார். எல்லா முதலாளிகளிடமும் அந்த உள்ளம் இராது என்பதால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

பணியாளரின் சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. உடலுக்கும் குடும்பத்திற்கும் நம்மீது உரிமையுண்டு என்பது ஸல்மான் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி தரும் பாடம். எங்கள் மக்தபில் பாடம் ஒப்பிக்கத் தடுமாறும் பிள்ளையிடம், "வீட்டில் யாரம்மா கேட்டார்கள்?" என்றால், "அத்தா ஷிப்டுக்குப் போயிட்டாங்க" என்று பதில் வருகிறது. பெற்றோரின் வேலை நேரத்தைப் பிள்ளைகளும் சுமக்கிறார்கள்.

நம் கடைகளில்

அரசையும் ஆலையையும் பேசிவிட்டு நம்மை மறந்துவிடக் கூடாது. நம்மவர் நடத்தும் துணிக்கடைகளிலும் உணவகங்களிலும் பணியாளர் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள்? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அவர்களுக்கும் நாளுக்கு 8, வாரத்திற்கு 48 மணி நேரம் என்றே சொல்கிறது. அவர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உட்கார ஓர் இருக்கை தருவதற்குச் சட்டம் வரும்வரை நாம் காத்திருந்தோம் என்பது வெட்கத்திற்குரியது.

எனவே நம் முடிவு இதுதான். வேலை நாட்கள் குறைவது நன்மையே, மணி நேரமும் உடன் குறையுமானால். 12 மணி நேரம் யாருக்கேனும் ஏற்றதென்றால், மறுக்கும் உரிமையும் அவர் கையில் உண்மையாகவே இருக்க வேண்டும். நம்மிடம் ஒருவரேனும் வேலை செய்தால், இன்றே அவருடைய நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மறுமையில் அக்கணக்கு நம்மிடமே கேட்கப்படும்.

பிறர் உழைப்பின் உரிமையைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.